பை கிழிந்தால் கண் போய்விடாது

வாசகர் கேள்விகளுக்குக் கண் மருத்துவர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு கடிதங்கள் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கண்ணுக்குள் லென்ஸ் உட்கார இயற்கையாக இருக்க வேண்டிய இடம் கிழிந்தோ, நைந்தோ, பிறவியிலேயே பலமில்லாமலோ போனால் என்ன செய்வது? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயும் விழித்திரையும் பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.

*

கேள்வி: அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு, என் தாயாருக்கு 68 வயது. மூன்று வாரம் முன்பு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. வெளியே வந்த நர்ஸ், "பை கிழிஞ்சிருச்சு, லென்ஸ் வைக்கல, ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு அந்தக் கண்ணில் விரலை எண்ணுவதே சிரமமாக இருக்கிறது. தெருவில் எல்லோரும் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். வேறொரு டாக்டர் பசை போட்டு லென்ஸை ஒட்டலாம் என்றார். இன்னொருவர் ஐரிஸைக் கவ்விக்கொள்ளும் லென்ஸ் போதும் என்றார். யார் பேச்சைக் கேட்பது? — வாசகி, சங்கரன்கோவில்

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. அடுத்த முறை கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அம்மாவின் வலது கண்ணுக்கு முன்னால் +10 பவர் கண்ணாடியை வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். அதில் கீழ் வரிசைவரை படித்துவிட்டால் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். அவருக்கு இல்லாதது லென்ஸ் மட்டும்தான். லென்ஸ் இல்லாத கண்ணில் வெறும் பார்வைக்கு விரல்தான் எண்ண முடியும். அதை வைத்து யாரும் கண் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

பை என்பது என்ன என்று சொல்கிறேன். நுங்கு தின்றிருப்பீர்கள். உள்ளே கண்ணாடி மாதிரிச் சதை, அதைச் சுற்றி மெல்லிய தோல். நம் கண்ணின் இயற்கை லென்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். புரை ஆபரேஷனில் முன்பக்கத் தோலில் வட்டமாக ஒரு வாசல் திறந்து, உள்ளே மங்கிப்போன சதையை எடுத்துவிட்டு, மிச்சத் தோலை அப்படியே விட்டுவைக்கிறோம். அதுதான் பை. செயற்கை லென்ஸ் அதற்குள்தான் உட்காரும். பையின் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். சுற்றிலும் நூற்றுக்கணக்கான நுண்ணிய நார்கள், பந்தலை நாலா பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியதுபோல, அந்தப் பையைக் கண் சுவரோடு பிடித்து வைத்திருக்கின்றன. பை கிழியலாம். கயிறு தளரலாம். முற்றிய புரை, முன்பு பட்ட அடி, அப்புறம் நம் ஊர்ப் பெரியவர்களிடம் அடிக்கடி காணும் ஒரு நிலை: லென்ஸின் மேல் சாம்பல் பொடி தூவியதுபோல ஒரு படிவம். அது உள்ளவர்களுக்கு நார்கள் வலுவிழந்திருக்கும். நல்ல கைராசியுள்ள சர்ஜனுக்கும் இது நடக்கும்.

எனக்கும் நடந்திருக்கிறது. பயிற்சியில் இருந்த காலத்தில் முதல் முறை என் கையில் பை கிழிந்தபோது, நானும் நர்ஸை அனுப்பித்தான் வீட்டாரிடம் சொல்லச் சொன்னேன். அந்தப் பாட்டியின் மகன் மூன்று நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்காம் நாள் நானே உட்கார வைத்து, தாளில் கண்ணை வரைந்து காட்டினேன். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க சாப்பிட்டிருப்போமே" என்றார். அதற்குப் பிறகு இந்தச் செய்தியை நான் வேறு யார் மூலமாகவும் சொல்லி அனுப்பியதில்லை. உங்கள் டாக்டரிடம் போய், நேரம் கேட்டு உட்காருங்கள். ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அன்றே லென்ஸ் வைக்காமல் விட்டது தப்பும் இல்லை. பை கிழிந்ததும் பின்னால் இருக்கும் ஜெல் முன்னே வரும். அதை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடிச் சுவர், வீங்கியிருக்கும், கண் பிரஷர் ஏறலாம். அந்தக் கண்ணில் அப்போதே ஒரு லென்ஸைத் திணிப்பதைவிட, சில வாரம் ஆறவிட்டுத் திட்டமிட்டு வைப்பது பல நேரம் நல்லது. அதுவரை அந்தக் கண்ணுக்கு மட்டும் +10 கண்ணாடி போட்டு நடமாடலாமா என்றால், முடியாது. அது உருவத்தைக் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கும். இடது கண்ணில் ஒரு அளவு, வலது கண்ணில் ஒரு அளவு என்று இரண்டு உலகம் தெரியும்.

என் ஆச்சிக்கு 1978இல் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் புரை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் உறைய வைக்கும் கோலால் லென்ஸைப் பையோடு சேர்த்தே ஒட்டி இழுத்துவிடுவார்கள். உள்ளே லென்ஸ் வைப்பது இல்லை. சோடாபுட்டிக் கண்ணாடிதான். ஆச்சி சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றினால் ஒரு விரல் தள்ளித் தரையில் விழும். நடக்கும்போது ஓரத்தில் ஒன்றுமே இருக்காது, திடீரென்று கதவு நிலை எதிரே வந்து நிற்கும். நெற்றியில் எப்போதும் ஒரு புடைப்பு. "கண்ணு தெரியுது, எது எங்க இருக்குன்னுதான் தெரியல" என்பாள். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாக ஒரு மனிதக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தது 1949 நவம்பர் 29. அது என் ஆச்சி மாதிரியானவர்களின் கைக்கு எட்டுவதற்கு, மதுரையில் ஆரோலேப் 1992இல் குறைந்த விலையில் லென்ஸ் செய்யத் தொடங்க வேண்டியிருந்தது. ஆச்சி அதற்குள் போய்விட்டாள். லென்ஸ் இல்லாத கண்ணோடு ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் நான் விடாமல் அலைவது அவளால்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பசையா கவ்வலா என்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: பையின் முன் விளிம்பு மிச்சம் இருக்கிறதா? வட்ட வாசலைச் சுற்றியுள்ள தோல் முழுசாக இருந்தால், நடுவட்டமும் இரு பக்க இழைகளுமாக மூன்று துண்டாகச் செய்த லென்ஸை அந்த விளிம்பின் மேலேயே, ஐரிஸுக்கு, அதாவது கண் பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரைக்கு, பின்னால் சாய்த்து வைத்துவிடலாம். தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு டாக்டருமே இதைப் பற்றிச் சொன்னதாக இல்லை. ஒருவேளை பார்த்துவிட்டு முடியாது என்று தீர்மானித்திருக்கலாம். ஆனாலும் கேளுங்கள்.

விளிம்பும் இல்லை என்றால், கவ்வும் லென்ஸ் ஒரு வழி. ஹாலந்தைச் சேர்ந்த யான் வொர்ஸ்ட் 1970களில் உருவாக்கியது. நண்டுக் கொடுக்குபோல இரண்டு பக்கமும் ஒரு பிளவு இருக்கும். அதற்குள் ஐரிஸின் சிறு மடிப்பைச் செருகிவிடுவோம். இப்போது பெரும்பாலும் ஐரிஸின் முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துக் கவ்வ விடுகிறார்கள். அது கருவிழிக்கு நல்லது. ஆபரேஷன் சீக்கிரம் முடியும், வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் கண்ணின் சுவரில் வாசல் ஐந்தரை மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டும், ஐரிஸ் கிழியாமல் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, கண்ணின் வெள்ளைச் சுவரிலேயே லென்ஸின் இரண்டு கைகளையும் பதிப்பது. லென்ஸின் நடுவட்டம் 6 மில்லிமீட்டர். அதன் இரு பக்கமும் வளைந்த இழை போல இரண்டு கை, நாங்கள் ஹாப்டிக் என்போம். அந்தக் கைகளை வெள்ளைச் சுவருக்கு வெளியே இழுத்து, சுவருக்குள்ளேயே சின்னச் சுரங்கம் செய்து செருகிவிடுவோம். தையல் போடாமல் இப்படிச் செய்யலாம் என்று ஜெர்மனியில் கேபர் ஷாரியோத் காட்டினார். சென்னையில் அமர் அகர்வால் 2007இல், வெள்ளைச் சுவரில் மெல்லிய மூடி போல வெட்டி, கையை உள்ளே செருகி, மூடியை ஃபைப்ரின் பசையால் ஒட்டும் முறையைச் செய்தார். உங்களிடம் பசை என்று சொன்னது அதைத்தான். ஐரிஸ் கெட்டிருந்தாலும் இதைச் செய்யலாம், லென்ஸ் ஆடாமல் நிற்கும். ஆனால் நேரம் கூடுதலாக ஆகும், கை பழகியிருக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால்: அம்மாவின் ஐரிஸ் நன்றாக இருந்து, கருவிழியின் உள்செல்களை எண்ணிப் பார்த்து அதுவும் போதுமான அளவு இருந்தால், 68 வயதுக்கு இரண்டுமே நல்ல வழிகள்தான். அப்போது, உங்களுக்குக் கிடைக்கிற சர்ஜன் எதை வாராவாரம் செய்கிறாரோ அதற்குப் போங்கள். "இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

*

கேள்வி: எனக்கு 17 வயதில் மாட்டுக் கொம்பு இடது கண்ணில் பட்டு லென்ஸ் நகர்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைத் தைத்து வைத்தார்கள். 11 வருடம் நன்றாக இருந்தது. போன வாரம் வாழைத்தார் ஏற்றும்போது திடீரென்று ஒரு பக்கம் மங்கல், எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. நூல் அறுந்து லென்ஸ் சாய்ந்துவிட்டது என்றார் டாக்டர். பாரம் தூக்கியதால்தானா? இனி இந்த வேலையையே விட வேண்டுமா? — வாசகர், தேனி

பதில்: தம்பி, தார் தூக்கியதைக் குற்றம் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் இதற்கு அதிகம் பயன்பட்டது 10-0 பாலிபுரொப்பலீன் நூல். தலைமுடியைவிட மெல்லியது. கண்ணுக்குள் வருடக்கணக்கில் இருக்கும்போது அது நைந்து அறும் என்பது பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. இள வயதில் தைத்துக்கொண்டவர்கள் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் வாழப் போகிறவர்கள். அவர்களுக்கு இது பெரிய சிக்கல். அதனால்தான் பலரும் தடித்த 9-0 நூலுக்கோ கோர்டெக்ஸ் நூலுக்கோ மாறினார்கள். இன்னும் பலர் நூலையே விட்டுவிட்டு, கைகளைச் சுவரில் பதிக்கும் முறைக்குப் போனார்கள்.

அதில் இப்போது பரவலாக இருப்பது ஜப்பானின் ஷின் யமனே 2017இல் வெளியிட்ட முறை. மெல்லிய 30 கேஜ் ஊசி இரண்டை வெள்ளைச் சுவர் வழியாகச் சாய்வாக உள்ளே விட்டு, லென்ஸின் கைகளை ஊசியின் துளைக்குள் நுழைத்து, ஊசியோடு வெளியே இழுத்துவிடுவார்கள். வெளியே வந்த கையின் நுனியைச் சூடு காட்டினால் அது உருகி ஆணித்தலை மாதிரி ஒரு சின்னக் குமிழ் ஆகும். அதைச் சுவருக்குள் அழுத்திப் புதைத்துவிட்டால் முடிந்தது. முதல் தடவை இதை நேரில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் முடிச்சுப் போடத் திணறிய இடத்தில் ஒரு குமிழ் போதும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் இரண்டு ஊசியும் நேர் எதிரெதிராக, ஒரே தூரத்தில், ஒரே சாய்வில் போக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் லென்ஸ் சாய்ந்து நிற்கும்.

உங்களுக்கு இப்போது அவசரமாக வேண்டியது விழித்திரை நிபுணரின் பரிசோதனை. கொம்பு பட்ட கண் அது. பழைய அடியின் தழும்பில் விழித்திரை கிழிந்திருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டு ஓரம்வரை பார்க்க வேண்டும். லென்ஸ் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருப்பதோ, ஜெல்லுக்குள் விழுவதோ அன்றைக்கே கண்ணைக் கெடுத்துவிடாது. ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். கண் ஓரத்தில் மின்னல் வெட்டினாலும், கருப்புப் புள்ளிகள் கொட்டினாலும், திரை இறங்குவதுபோல் இருந்தாலும் அன்றே கிளம்பிவிடுங்கள். உள்ளே இருக்கும் லென்ஸையே மறுபடி நிறுத்த முடியுமா, புதிதாக வைக்க வேண்டுமா என்பது அதன் வகையைப் பொறுத்தது. பழைய டிஸ்சார்ஜ் தாளும் லென்ஸ் ஸ்டிக்கரும் இருந்தால் தேடி எடுத்துக் கொண்டுபோங்கள்.

வேலையை விட வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் பாரம் வேண்டாம். அப்புறம் எப்போதும், தார் ஏற்றும்போதும் மாட்டருகே போகும்போதும், பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டே ஆக வேண்டும். எனக்குப் பயம் பாரத்தைவிட அதில்தான் அதிகம்.

*

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. வகுப்பிலேயே உயரம், ஒல்லி, விரல்கள் நீளம். பலகை தெரியவில்லை என்று காட்டியபோது இரண்டு கண்ணிலும் லென்ஸ் இடம் மாறியிருக்கிறது என்றார்கள். நானும் அவன் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். உடனே ஆபரேஷன் செய்து லென்ஸ் பொருத்திவிடலாமா? — ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: அம்மா, கண்ணைப் பார்க்கும் முன்னே மற்ற இரண்டு பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, இதயத்துக்கு எக்கோ. இன்னொன்று, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவு.

காரணம் இது. உயரம், ஒல்லி, நீண்ட விரல், இடம் மாறிய லென்ஸ் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மார்ஃபான் என்ற பரம்பரை நோய். அதில் லென்ஸ் பெரும்பாலும் மேல்பக்கமாக நகரும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மெல்ல அகன்றுகொண்டே போகலாம். அதை முன்கூட்டியே கண்டுபிடித்தால் மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். ஹோமோசிஸ்டினூரியா என்று, ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் கூடிப்போகும் வேறொரு நோய் உண்டு. பையன் பார்க்க அதேபோலத்தான் இருப்பான். அதில் லென்ஸ் பெரும்பாலும் கீழே இறங்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அதனால் சொந்தத்தில் கட்டிக்கொண்ட குடும்பங்களில் அதற்கு வாய்ப்புக் கூடுதல். உங்கள் மேல் பழி போடச் சொல்லவில்லை, என் சொந்தத்திலும் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். இந்த நோய் உள்ள பிள்ளைக்கு ரத்தம் சீக்கிரம் உறையும், மயக்க மருந்து கொடுக்கும்போது அது ஆபத்தாகலாம். முன்னாலேயே தெரிந்தால் மயக்க மருத்துவர் தயாராக இருப்பார். சில பிள்ளைகளுக்கு பி6 வைட்டமினிலேயே நல்ல மாற்றம் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனையில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

இனி கண். உடனே ஆபரேஷன் என்று ஓட வேண்டாம். இந்த வயதில் பெரிய எதிரி சோம்பேறிக் கண். தெளிவான பிம்பம் போகாவிட்டால் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளாமலேயே விட்டுவிடும். சரியான கண்ணாடி எழுதி, தேவைப்பட்டால் ஒரு கண்ணை மறைத்துப் பயிற்சி கொடுத்தே பல பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். கண்ணாடியில் சரிவரவில்லை, அல்லது லென்ஸின் ஓரம் சரியாகக் கண் பாப்பாவின் நடுவில் வந்து நிற்கிறது என்றால் லென்ஸை எடுக்க வேண்டும்.

எடுத்த கையோடு செயற்கை லென்ஸைப் பொருத்துவதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் உண்டு. தளர்ந்த பையையே வளையம் போட்டுச் சுவரோடு கட்டி, அதற்குள் லென்ஸ் வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்கிற பக்கம். இந்தப் பிள்ளைகளின் கண் சுவர் மெலிந்தது, விழித்திரை விலகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், கண் இன்னும் வளரப் போகிறது. இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல எடுத்திருந்தால் தடித்த கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டுச் சில வருடம் நன்றாகவே ஓட்டலாம். என் ஆச்சிபோல அவன் முட்டிக்கொள்ள மாட்டான். குழந்தையின் மூளை அந்தக் கண்ணாடிக்குச் சீக்கிரம் பழகிவிடும்.

ஒன்று மட்டும் மனசில் வையுங்கள். திடீரென்று கண் சிவந்து, வலித்து, பையன் வாந்தி எடுத்தால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். லென்ஸ் கண் பாப்பா வழியாக முன்னால் வந்து அடைத்திருக்கலாம். ராத்திரியானாலும் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பந்து முகத்தில் படுகிற விளையாட்டும், தலைகுப்புறக் குதிப்பதும் வேண்டாம். செஸ், கேரம் விளையாடட்டும். ஓட்டம், நீச்சல் எல்லாம் எக்கோ பார்த்த டாக்டர் சரி என்று சொன்ன பிறகு.

*

கேள்வி: என் கணவருக்கு அடுத்த வாரம் பசை போட்டு லென்ஸ் வைக்கிறார்கள். பசை எத்தனை வருடம் தாங்கும்? பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? — வாசகி, புதுச்சேரி

பதில்: பசை சில வாரங்களிலேயே கரைந்துவிடும். அதுதான் சரியும்கூட. அது கடைப் பசை இல்லை. மனித ரத்தத்திலிருந்து பிரித்த ஃபைப்ரினோஜனும் திராம்பினும் சேர்ந்தது. கை வெட்டினால் ரத்தம் எப்படிக் கெட்டியாகிறதோ அதே வேலையைத்தான் அது செய்கிறது. காயம் ஆறும்வரை மூடியைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை. லென்ஸை வருடக்கணக்கில் தாங்குவது சுரங்கத்துக்குள் செருகிய கைகளும், அவற்றைச் சுற்றி வளரும் தழும்பும்தான்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். லென்ஸ் பிளாஸ்டிக் வகைதான். விமானத்திலும் போகலாம். ஆனால் விழித்திரைக்காகக் கண்ணுக்குள் கேஸ் குமிழி ஏதாவது வைத்திருந்தால், அது கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை விமானம் கூடவே கூடாது.

ரத்தம் இளகும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இப்போதே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் சில நாள் உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்து பார்வை புகைமூட்டமாக இருப்பது உண்டு, பெரும்பாலும் தானாகவே தெளியும். வலி கூடினாலோ பார்வை குறைந்துகொண்டே போனாலோ காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். பல மாதம் கழித்துக்கூட வெள்ளை விழியில் ஒரே இடத்தில் உறுத்தலும் சிவப்பும் இருந்தால், கையின் நுனி வெளியே எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பிரஷரும் விழித்திரையும் பார்த்துவிடுங்கள். லென்ஸ் பவர் எழுதிய ஸ்டிக்கரை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.

அப்புறம், ஆபரேஷன் அன்று முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாகப் போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் தலை வழியாகப் பனியனைக் கழற்றும்போது கண்ணில் இடித்துக்கொண்டு மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றவர்கள் நிறையப் பேர்.